கவிழ்த்து வைத்த கேன்

கேன் முதன்முதலில் சத்தம் போட்டது ஒரு வியாழக்கிழமை மதியம். கோடை விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்திலிருந்து 'டொம்' என்று கேட்டது, யாரோ உள்ளங்கையால் கதவை ஒரே ஒரு முறை தட்டியது போல. எங்கள் வீடு முதல் மாடி. கீழே என்ன நடந்தாலும் தரை வழியாகவே மேலே வந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. மகளின் ஜீப் மூலையில் நின்றது. அதன் அருகே, முந்தின நாள் அவள் புதுப்பேட்டையில் வாங்கி வந்த பெட்ரோல் கேன். இருபது லிட்டர் பிடிக்கும் பழைய இரும்பு கேன், பச்சைப் பெயிண்ட் ஆங்காங்கே உரிந்திருந்தது. ஒரு துண்டு வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. மாலை வெயில் இறங்கிய பிறகு இன்னொரு முறை, முன்னதைவிட மெதுவாக, 'டொம்'.

அலுவலகத்திலிருந்து வந்ததும் மகளிடம் சொன்னேன்.

"வெயில்மா. உள்ள இருக்கற காத்து சூடாகி விரியுது, ஆறுனதும் சுருங்குது. நீதானே எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு இதெல்லாம் நடத்துறே?"

நடத்துகிறேன்தான். ஆனால் பாடத்தில் வரும் காற்றுக்கு மூச்சு விடும் சத்தம் இருக்காது. அன்றிலிருந்து மதியங்களில் நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். வராத நாட்களில் இன்னும் மோசமாக இருந்தது.

நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடமாகிறது. காட்டுப்பாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட சின்ன அடுக்ககம். கணவருக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். ஒரே மகள். இருபத்தைந்து வயது, கணினி நிறுவனத்தில் வேலை. மற்றப் பெண்கள் நகை சேர்க்கும் வயதில் இவள் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வாங்கினாள். அவளைப் போலவே ஜீப் வைத்திருக்கும் சிலரோடு விடுமுறைகளில் மலைப் பாதைகளுக்கும் ஆற்று மணலுக்கும் போவாள். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வரும்வரை நான் பால்கனியில்தான் இருப்பேன்.

இந்தமுறை ஜவ்வாது மலை, நான்கு நாள். கரடுமுரடான பாதைக்காகப் பெரிய டயர்கள் போட்டிருந்தாள். பழைய ஸ்டெப்னி பின்கதவில் தொங்கியது. புதியதன் கனத்தைத் தாங்காமல் கதவின் கீலில் விரிசல் விட்டுவிட்டது. அதனால் பின்பக்க பம்பரோடு சேர்த்து, கதவுபோல் பக்கவாட்டில் திறக்கும் ஒரு இரும்புத் தாங்கி செய்ய வேண்டும் என்றாள். அதில் ஒரு பக்கம் ஸ்டெப்னி, மறுபக்கம் பெட்ரோல் கேன். மலைமேல் பங்க் கிடையாது.

பின்னால் இருபது லிட்டர் பெட்ரோல். அதன் பின்னால் லாரிகள். எனக்கு அந்தப் படம் மட்டும்தான் மனதில் வந்தது.

பாடிப் பக்கம் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரைப் பிடித்தாள். மேம்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, பழைய தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை. அவருடைய தாத்தா காலத்தில் அந்த இடமே அவர்கள் நிலம்தானாம், கத்தரிக்காய் போட்டார்களாம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாளாக வேலை செய்வார். ஒவ்வொரு முறையும் நானும் கூடவே போனேன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பொண்ணு டிரைவரு, அம்மா கண்டக்டரா? குந்துங்க."

"எங்கம்மா இன்ஸ்பெக்டர்ண்ணா," என்றாள் மகள்.

"டீச்சர்னு மூஞ்சிலயே எழுதிக் கீது. நமக்கு இப்பவும் வவுத்தைக் கலக்குது."

அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் அட்டையில் வெட்டி ஜீப்பின் பின்னால் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் சதுரக் குழாயை அறுத்தார். தாங்கியின் கையை நேர்மட்டமாக வைக்காமல் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பற்றவைத்தார். கோணலாக இருக்கிறதே என்றேன்.

"ரெண்டு நூலு தூக்கி வெச்சிருக்கேன் டீச்சர். டயரு, கேனு எல்லாம் ஏறுனா தொங்கி நேரா வந்துரும். இப்பவே நேரா வெச்சா அப்பால நாக்கைத் தள்ளிகினு நிக்கும்."

முடித்ததும் வெறும் தாங்கியின் நுனியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினார். அது அசையவில்லை. மகளையும் ஏறச் சொன்னார். இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் போல அதில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் பற்றவைக்கும்போது ஒருமுறை நான் தவறிப்போய் அந்த ஒளியை நேராகப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு எங்கே பார்த்தாலும் கண்ணுக்கு நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மிதந்தது. மகள் பக்கம் திரும்பினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பொட்டு இருந்தது. அது மறையும்வரை, ஐந்து நிமிடமாவது இருக்கும், அவளுக்கு முகமே இல்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கேனுக்கான தட்டைப் பொருத்தும் நாளில் அவர் ஒரு காரியம் செய்தார். கேனை உள்ளே எடுத்துவர விடவில்லை. வெளியே குழாயடியில் வைத்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி வழியவிட்ட பிறகே உள்ளே கொண்டுவந்தார்.

"காலி கேன்தானே அண்ணா?" என்றாள் மகள்.

"காலின்னு யாரு சொன்னது? பெட்ரோலு போயிருச்சு, அதோட ஆவி உள்ளயே கீது. ரொம்புன கேனு சோம்பேறி மாதிரி. காலி கேனுதான் காத்துகினு இருக்கும். தண்ணி ஊத்தாம நம்ம பட்டறைக்குள்ள ஒரு கேனும் வராது."

அதை நானும் கேட்டேன். முக்காலியில் உட்கார்ந்து, தெளிவாக, முழுதாகக் கேட்டேன். அது அவருடைய தொழிலுக்கு உண்டான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் எரிதல் பாடம் நடத்தும்போது, பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது என்று கரும்பலகையில் அடிக்கோடிட்டு எழுதியவள் நான். அந்த வாக்கியத்தை எழுதும் கையும், வீட்டில் டப்பா கழுவும் கையும் என்னிடம் வேறு வேறாக இருந்திருக்கின்றன.

புறப்படுவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. தாங்கி ஆடுகிறதா என்று பார்க்க, கேனில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்து மண் பாதையில் ஓட்டிவிட்டு வந்தாள். ஆடவில்லை என்று குதித்தாள். எனக்கு அந்தக் கேன் நிரம்பியபடி நெடுஞ்சாலையில் போவதைத் தாங்க முடியவில்லை. இரண்டு மணிநேரம் அவளை அரித்தெடுத்தேன்.

"சரிமா. சரி! இப்பவே எடுத்து டேங்க்ல ஊத்திடறேன். மலைக்குக் கீழே கடைசி பங்க்ல நிரப்பிக்கறேன். போதுமா?"

சொன்னபடியே புனல் வைத்து ஊற்றினாள். மூடியை இறுக்கி மூடிக் கேனைத் தாங்கியில் வைத்தாள். நான்தான் ஜெயித்தேன்.

அன்று மாலை விளக்கேற்றும்போது நான் வேண்டிக்கொண்டதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நல்லபடியாகப் போய்த் திரும்ப வேண்டும் என்று வேண்டவில்லை. போகக் கூடாது என்று வேண்டினேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். போக முடியாதபடி சின்னதாக ஏதாவது நடக்கட்டும். இந்த வார்த்தைகளில்தான். கும்பிட்ட கையை எடுப்பதற்குள் கீழே 'டொம்' என்றது.

விடிந்தும் விடியாமலும் கீழே இறங்கினேன். வாசல் தெளித்து, ஜீப்புக்குத் திருஷ்டி சுற்ற எல்லாவற்றையும் எடுத்துவைக்கலாம் என்று. புதிதாக ஒன்றைப் பொருத்திய வண்டி சுற்றாமல் தூரப் பயணம் கிளம்பக் கூடாது என்பது என் எண்ணம். மகளுக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் மறுக்கமாட்டாள்.

கேனிலிருந்து லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். நெடி மூக்கில் ஏறியது. நான்கு நாளும் அவள் இதை முகர்ந்துகொண்டா போக வேண்டும்? எண்ணெய் டின்னைக் காலி செய்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். தாங்கியிலிருந்து எடுத்து, திறந்த வாயோடு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்துக் கவிழ்த்து வைத்தேன். மிச்சம் வடியட்டும், வாடை போகட்டும் என்று. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து காணாமல் போனது. சுத்தமாகிறது என்று திருப்தியாக இருந்தது.

எங்கள் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவை ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதின் மேலேயே போட்டுப் போட்டு, கட்டிடத்தின் கீழ்த்தளம் ஒன்றரை அடி பள்ளத்துக்குள் போய்விட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, வாசலில் குறுக்கே ஒரு சிமெண்ட் மேடு கட்டியிருக்கிறோம். தண்ணீரை வெளியே நிறுத்தக் கட்டியது அது. அன்று காலை அது இன்னொன்றை உள்ளே நிறுத்திவைத்திருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. ஒரு மணிநேரம் ஆகியிருக்கும்.

ஆறே காலுக்கு மகள் இறங்கி வந்தாள். பூஜை என்பதால் காலணியைப் படியிலேயே விட்டுவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, வெறுங்காலோடு ஜீப்பின் பின்னால், தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் பூசணிக்காயின் தலையில் கற்பூரம் ஏற்றினேன்.

"மா, ஜீப்புக்கு வளைகாப்பு மாதிரி இருக்கு."

"வாயை மூடிட்டு நில்லு."

"வளையல் எந்த டயருக்கு?"

மூன்று சுற்று சுற்றினேன். நெஞ்சு உயரத்தில் கற்பூரம் நின்று எரிந்தது, ஒன்றும் ஆகவில்லை. வழக்கமாகக் காயைத் தெருவில் கொண்டுபோய் உடைப்போம். போன வருடம் யாரோ உடைத்த பூசணிக்காயில் வழுக்கி ஒருவர் பைக்கோடு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம், ஓரமாக உள்ளேயே வைத்துவிடலாம் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். மறுபக்கத்துப் பின்சக்கரத்தின் அருகே குனிந்து, எரியும் கற்பூரத்தோடு காயைத் தரையில் வைக்கப் போனேன்.

தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது யாரோ காதருகில் ஊதியது போல 'ஃபூ' என்று ஒரு சத்தம்.

நெருப்பு என்று சொல்ல முடியாது. நிறமே இல்லை. விடிகாலை வெளிச்சத்தில் தரை மட்டும் அசைந்தது. கோடையில் தார்ச்சாலைக்கு மேலே நெளியுமே, அப்படி ஒரு நெளிவு என் கையிலிருந்து கிளம்பி, என் பக்கம் திரும்பாமல், அவசரமே இல்லாததுபோல, மகளின் பாதங்களை நோக்கிப் போனது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி!"

இருபது வருடமாக நான் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊரில் என் அம்மா என்னைக் கூப்பிடும் சொல். அது எங்கிருந்து வந்ததோ, அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை யோசிக்கவிடவில்லை. பிடித்திருந்த தாங்கியிலேயே ஒரே தாவாகத் தாவி ஏறினாள். ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டு கால்களை மடக்கிக்கொண்டாள். நெளிவு அவளுக்கு அடியில் புகுந்து சுவருக்குப் போனது.

டொம்.

இரண்டு வாரமாகக் கேட்ட அதே சத்தம். ஆனால் இப்போது அது அந்த இடம் முழுவதும் இருந்தது. மாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. கேன் துள்ளிப் பக்கவாட்டில் விழுந்தது. அதோடு எல்லாம் அணைந்துவிட்டது. இரண்டு நொடிகூட இருக்காது. கேனின் வாயில் மட்டும் ஒரு சின்னச் சுடர், அகல் விளக்கைப் போல, ஆடாமல் நின்றது. மிக அழகாக இருந்தது அது. அதைப் பார்த்துக்கொண்டே நான் குனிந்தபடி இருந்தேன். எனக்கு நிமிரத் தெரியவில்லை.

மகள்தான் இறங்கினாள். கண்ணாடி துடைக்கும் ஈரத் துணியை எடுத்துக் கேனின் வாயில் அழுத்தினாள். சுடர் போய்விட்டது. கையில் இருந்த பூசணிக்காயை என்னிடமிருந்து வாங்கி, அதன் மேலிருந்த கற்பூரத்தை மஞ்சள் தண்ணீரில் அணைத்தாள். பிறகு என்னைப் படியில் உட்காரவைத்தாள்.

"ஒண்ணும் இல்லமா. ஒண்ணும் ஆகல."

அவளுடைய கால்களில் முழங்காலுக்குக் கீழே இருந்த மென்முடி முழுவதும் சுருண்டு பொசுங்கியிருந்தது. தோல், நாள் முழுக்க வெயிலில் நின்றதுபோல் சிவந்திருந்தது. தாவாமல் நின்றிருந்தால் என்று யோசிப்பதை இப்போதும் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். பொசுங்கிய முடியின் வாடை அங்கே நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "கேனை யாருமா கவுத்தது?"

"நான்தான். வாடை போகட்டும்னு."

அவள் திட்டவில்லை. அலைபேசியை எடுத்து நண்பர்களிடம், வரவில்லை, காலில் சின்னதாக அடி என்று சொன்னாள். சின்னதாக. அது விளக்கின் முன் நான் சொன்ன வார்த்தை. நான் கேட்டது கேட்டபடியே, அளவுகூட மாறாமல் வந்துசேர்ந்திருந்தது. கொண்டுவந்து கொடுத்த கையும் என் கைதான்.

மறுநாள் பட்டறைக்காரரிடம் போனோம். மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் கேனை முகர்ந்து பார்த்தார். தாங்கியின் பற்றவைத்த இணைப்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு விரிசலும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா டீச்சர்... நானு ஏயாங்கிளாஸ் பெயிலு. எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

"அது தெரியுது. அதான் பேஜாரா கீது."

கேனில் தண்ணீர் நிரப்பினார். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும், வாயில் கருகிய ரப்பரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றார். இந்தக் கேனே வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்: "இதே போதும்ணா. இதைப் பத்தி இப்ப எங்களுக்குத் தெரியும்." கிளம்பும்போது அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, கண்டக்டர் அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்க. ராவுல தூங்கினாப்புலயே தெரியல."

தூங்கவில்லைதான். பள்ளி திறந்தது. எரிதல் பாடத்தை இந்த வருடம் வேறொரு ஆசிரியையிடம் மாற்றிக்கொண்டேன். கேட்டவர்களுக்கு வேறு ஏதோ காரணம் சொன்னேன். வீட்டில் எதையும் கவிழ்த்து வைப்பதில்லை. டம்ளரைக்கூட. கழுவிய பாத்திரங்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தபடி அடுக்கியிருப்பதைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

சில வாரம் கழித்து, ஒரு நீண்ட விடுமுறையில், அவள் மறுபடி ஜவ்வாது மலைக்குக் கிளம்பினாள். முந்தின மாலை விளக்கேற்றினேன், எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. மனதில் ஒரு வார்த்தை வருவதற்குள் கையைக் கீழே இறக்கிவிட்டேன். காலையில் காலணியோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"சுத்தலையா?"

"வேண்டாம். போயிட்டு வா."

சிமெண்ட் மேட்டின் மேல் ஏறி இறங்கும்போது தாங்கி லேசாகக்கூட ஆடவில்லை. டயரின் கனத்தில் அது சரியாக நேர்மட்டத்துக்கு வந்திருந்தது. பூந்தமல்லிப் பக்கம் திரும்பும்வரை அந்தப் பச்சைக் கேன் பால்கனியிலிருந்து தெரிந்தது.

மதியம் பன்னிரண்டரைக்கு அழைத்தாள். பாதி மலை ஏறிவிட்டார்களாம். எல்லோரும் நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம். சொன்னபடி கடைசி பங்க்கில் நிரப்பியதில் பாதியை இப்போதுதான் டேங்கில் ஊற்றினாளாம், கேனை மூடி அதன் இடத்தில் வைத்துவிட்டாளாம். பின்னால் பேச்சுக் குரல்கள், சிரிப்பு, காற்று.

பிறகு, அந்த எல்லாச் சத்தங்களுக்கும் பின்னால், உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு.

"அங்க என்ன சத்தம்?" என்றேன்.

"எது?"

"இப்ப. டொம்முனு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேமா."

அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். நானும் அலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். திரும்பி வந்துவிடு என்ற வார்த்தை முழுதாக வாய்க்குள் இருந்தது. மலையில் காற்று வீசியது. பிறகு இன்னொரு முறை, முன்னதைவிட மெதுவாக, கேட்டது.

"சாப்டியா?" என்றேன்.

"சாப்ட்டுட்டே இருக்கேன்மா. போனை வெக்கவா?"

"வை," என்றேன்.